பின்வீட்டைப் பார்த்து நின்ற ஷெட்

என் கணவர் ஓய்வு பெற்ற மறுவாரம் எங்கள் கார் தெருவுக்குப் போனது. கார் நின்ற இடத்தில் ஒரு லேத் வந்து உட்கார்ந்தது.

அவர் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் லேத்தில் இரும்பு கடைந்தவர். ஓய்வு பெற்றால் நான்கு கோயிலுக்குப் போவார், பேப்பர் படிப்பார், மத்தியானம் ஒரு தூக்கம் போடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து ஆறடி லேத் ஒன்றை வாங்கி, கிரேன் வைத்து இறக்கி, துடியலூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நிறுத்திவிட்டார். கேட்டால், "சும்மா இருந்தா கை நடுங்கிப்போகும் அம்மணி" என்றார்.

லேத் தனியாக வரவில்லை. ஒரு மாதத்துக்குள் அதன் சொந்தபந்தங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. துளை போடும் மெஷின் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. சாணை பிடிக்கும் சக்கரம் வராந்தாவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு விடைகொடுத்தபோது தந்த கேடயங்களைக் கண்ணாடி அலமாரியில் பின்னால் தள்ளிவிட்டு, முன்வரிசையில் ஸ்பானர்களை அடுக்கினார். இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக விழுமே, அந்தச் சுருள்கள் வீடு முழுக்கத் திரிந்தன. அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஹாலுக்கு வரும். அங்கிருந்து என் புடவைக்கு வரும். ஒருநாள் இட்லி மாவைக் கரண்டியால் கலக்கும்போது பளபளவென்று ஒன்று மேலே வந்தது.

நான் அதை எடுத்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"போன வாரந்தான டாக்டர் உனக்கு இரும்புச் சத்து கொறவுன்னு சொன்னாரு" என்றார்.

"ஏனுங்க, ஒண்ணு இந்த லேத் இந்த ஊட்டுல இருக்கோணும். இல்லீன்னா நான் இருக்கோணும்" என்றேன்.

அவர் யோசித்தார். என்ன முடிவு சொன்னாலும் பரவாயில்லை. அவர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில், "பின்னால எடம் சும்மாதான கெடக்குது, ஒரு ஷெட்டப் போட்டறலாம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்தது உண்மைதான். ஒரு பக்கம் போர்வெல், இன்னொரு பக்கம் செப்டிக் டேங்க், நடுவில் காலி மண். கோடியில் ஒரு முருங்கை மரம். மரத்தை ஒட்டி சிமெண்ட் பலகைகளை அடுக்கிய காம்பவுண்டுச் சுவர். இரண்டு சிமெண்ட் தூண்களுக்கு நடுவில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக் கட்டுவார்களே, அந்த மாதிரிச் சுவர். அதைக் கட்டியது பின்வீட்டு அக்கா. அவர் வீட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. புழக்கடை எங்கள் புழக்கடையோடு முட்டும். முன்பெல்லாம் நடுவில் வெறும் கம்பி வேலிதான். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சிகள் அவர் துணி காயப்போடும் கொடிக்குக் குடிபோயின. வேலியோரம் நின்று நான்கு வார்த்தை பேசினார். நானும் நான்கு பேசினேன். அடுத்த வாரம் சுவர் எழும்பிவிட்டது. அதிலிருந்து பேச்சு இல்லை.

ஷெட் போடுவதற்கு என் கணவர் தன் பழைய சிநேகிதரைக் கூட்டிவந்தார். உக்கடம் பக்கத்துக்காரர்; ஊரில் பாதிக் கம்பெனிகளுக்கு இரும்பு ஷெட் போட்டவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மிகவும் மெதுவாகப் பேசுவார். பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"செங்கல்லு, சென்ட்ரிங்கு, ஒண்ணும் வேண்டாங்க டீச்சரம்மா. தூணு, சட்டம், ஷீட்டு எல்லாத்தையும் எங்க பட்டறையிலயே அளவா அறுத்து, ஓட்டை போட்டு, நம்பர் எழுதிக் கொண்டாந்துருவோம். இங்க வந்து நிறுத்தி நட்டு முடுக்கறதுதான் வேலை. மூணு நாளுங்க."

மூன்று நாள் என்றதும் நான் மயங்கிவிட்டேன்.

பாய் ஒரு வரைபடமும் தந்துவிட்டுப் போனார். என் கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து எனக்கு விளக்கினார். ஷெட்டின் கூரை ஒரே பக்கமாகச் சரியும். முன்பக்கம் உயரம், அங்கே நெட்டைத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட். நடுவில் பெரிய ஷட்டர், அதன் வழியாக லேத் உள்ளே போகும். பின்பக்கம் குட்டைத் தூண்கள், நெருக்கமாக, இரண்டிரண்டு போல்ட். முன்பக்கம் எங்கள் வீட்டைப் பார்க்கும், பின்பக்கம் அக்கா வீட்டுச் சுவரைப் பார்க்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டே உம் கொட்டினேன்.

அஸ்திவாரக் குழி தோண்டி அன்றைக்கே கான்கிரீட் ஊற்ற ஆள், மெஷின் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஊற்றும் நாளன்று விடிகாலையில் பொள்ளாச்சியிலிருந்து போன். என் கணவரின் கூடப்பிறந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மேஸ்திரியத் திருப்பி அனுப்பீராத. இன்னொருக்கா அவங்களைப் புடிக்க முடியாது. நீ கணக்கு டீச்சர்தான, பேப்பரு இருக்குது, போல்ட்டு வெக்கற அச்சுத் தகட்டையும் பாய் அனுப்பியிருக்கறாரு. பக்கத்துல நில்லு, போதும்."

முப்பது வருடம் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுத்தவள் நான். பக்கத்தில் நின்றால் போதும் என்று சொன்னது எனக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே பட்டது.

அதனால் பக்கத்தில் நிற்கவில்லை. நடுவில் நின்றேன். மேஸ்திரி கயிறு பிடிக்கும் முன் நானே நூல் கட்டிக் கோலமாவால் கோடு போட்டேன். மூலைகள் செங்கோணமா என்று மூன்று, நான்கு, ஐந்து அளந்து பார்த்தேன். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவு வரும்வரை விடவில்லை. கால் அங்குலம் தப்பியதற்கு ஒரு முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னேன்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சினியருங்ககூட இத்தன அளந்ததில்லீங்க" என்றார்.

அது பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு விஷயம் நடந்தது. அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. நிழல் முருங்கையடியில் மட்டும்தான். நான் சுவரோரம் முருங்கை நிழலில், வீட்டைப் பார்த்து நின்றுகொண்டு வரைபடத்தை விரித்தேன். காகிதத்தின் கீழ்ப்பக்கத்தில் 'முன்பக்கம்' என்று எழுதியிருந்தது. கீழ்ப்பக்கம் என்றால் என் பக்கம். என் பக்கம் என்றால் சுவர்ப் பக்கம். நெட்டைத் தூண்களுக்கான, நான்கு போல்ட் மாட்டிய அச்சுத் தகடுகளை எல்லாம் சுவரோரமாக வைக்கச் சொன்னேன். அவர்கள் அப்படியே குழி தோண்டி வைத்தார்கள். கான்கிரீட் ஊற்றினார்கள்.

அதன்பிறகு பத்து நாள், வேளைக்கு வேளை ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டேன். பச்சைக் குழந்தையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

என் கணவர் மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு பார்வை இருந்தது. "அம்மணி, மயிரிழை தப்பலையே!" என்றார். ஒரு போல்ட்டிலிருந்து அடுத்த போல்ட்டுக்கு அளப்பவர் அவர். வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஷெட் நிறுத்துகிற நாளில் பாயும் நான்கு ஆட்களும் லாரியில் சாமான்களோடு வந்தார்கள். குட்டி கிரேன் ஒன்று வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் உரசாமல் உள்ளே வந்தது. ஒவ்வொரு தூணிலும் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது. முதல் நெட்டைத் தூணைக் கிரேன் தூக்கி வந்து வீட்டுப் பக்கம் இறக்கியது. தூணின் அடித்தகட்டில் நான்கு ஓட்டை. தரையில் இரண்டு போல்ட்.

பாய் குனிந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். அடுத்த இடத்துக்குப் போனார். அங்கேயும் இரண்டு. சுவரோரம் நடந்துபோய்ப் பார்த்தார். அங்கே நான்கு. ஷெட் வரப்போகும் இடத்தை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு வரைபடத்தைக் கையில் எடுத்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். திருப்பிய காகிதத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பேப்பரை எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?"

நான் முருங்கை மரத்தைக் கை காட்டினேன். காட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. 

என் கணவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த நெட்டைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பாயின் ஆட்கள் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் முதுகு குலுங்கியது. கோபித்திருந்தால்கூட நான் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன்.

"இப்ப என்ன பண்றதுங்க பாய்?" என்றேன்.

"ஒடச்சுட்டு மறுபடி போடலாங்க" என்றார் பாய். குனிந்து கான்கிரீட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "ஆனா இத ஒடைக்கறதுக்கு மனசு வரமாட்டேங்குது. இந்தளவுக்குத் தண்ணி குடிச்ச கான்கிரீட்ட நான் பாத்ததில்லைங்க. மெஷினு வெச்சு ஒடச்சாலும் ஒரு வாரம் ஆகும்."

"அப்படியே நிறுத்துனா?"

"நிறுத்தலாங்க. கட்டடத்துக்கு ஒரு கொறையும் இல்ல. ஷட்டர் மட்டும் சுவத்தப் பாத்து நிக்கும். சுவத்துக்கும் ஷட்டருக்கும் நடுவுல நாலடிதான். ஊட்டுப் பக்கம் ஆள் போற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வெட்டித் தந்தர்றேன். ஆனா லேத் போகாதுங்க. அந்தப் பக்கம் தூணெல்லாம் நெருக்கம், குறுக்குக் கம்பி வேற. கூரைக்கு முன்னாலயே எறக்கி வெக்கலாம்னா தரை இன்னும் போடலீங்க."

பக்கவாட்டில் ஒரு புறம் போர்வெல் குழாய். இன்னொரு புறம் செப்டிக் டேங்க். அதன்மேல் ஒரு டன் லேத்தை உருட்டிச் செல்ல அங்கிருந்த ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பாயும் சுவரைப் பார்த்தார். செருகிய பலகைகள்தானே, நான்கு ஆள் சேர்ந்தால் அரை மணியில் உருவி எடுத்துவிடலாம். அக்கா வீட்டு கேட் அகலமானது. அடுத்த தெரு வழியாக லேத்தைக் கொண்டுவந்து, அவர் புழக்கடையைக் கடந்து, நேராக ஷட்டருக்குள் விட்டுவிடலாம்.

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றேன்.

"பேப்பரப் புடிச்சது நீதான" என்றார் என் கணவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருபதடியில் இருக்கும் வீட்டுக்குப் போகத் தெருக்கோடிவரை நடந்து திரும்பி வர வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று முதலில் தோன்றியது. வீட்டில் புதிதாக இருந்தது முருங்கைக்காய் மட்டும்தான். அதைக் கொண்டுபோவது வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி. வெறுங்கையோடுதான் போனேன்.

அக்கா வாசலில் பாரையை நட்டுவைத்துத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இறந்தபிறகும் தோப்பைத் தானே பார்த்துக்கொள்கிறவர். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க டீச்சர்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆகாதவர்களையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். அந்த 'வாங்க' எவ்வளவு நீளம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அக்காவுடையது மிகவும் குட்டையாக இருந்தது.

நான் திண்டாடித் திண்டாடி நடந்ததைச் சொன்னேன். வரைபடம், நிழல், போல்ட், ஷட்டர், லேத். அவர் இன்னொரு தேங்காயை எடுத்துக் குத்திக்கொண்டே கேட்டார்.

"காத்தாலயே மாடியிலிருந்து பாத்தனுங்க. போல்ட்டெல்லாம் எதுக்கு நம்ம பக்கமா இத்தன கெடக்குதுன்னு ரோசனை பண்ணிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

இனித் தாமதிக்கக் கூடாது என்று, "அந்தக் கம்பளிப்பூச்சி விசயத்துல நான் பேசுனது தப்புத்தானுங்க அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

அக்கா நிமிர்ந்தார். "கம்பளிப்பூச்சியா? மரம்னா பூச்சி இருக்கத்தான் செய்யும். அதையெல்லாமா மனசுல வெச்சுக்குவாங்க?"

"அப்பறம் ஏனுங்க நாலு வருசமா..."

"முப்பத்தி நாலுங்க டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"எம்பையன். ஒம்பதாவது முழுப் பரிச்சை. கணக்குல முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். ஒரு மார்க்குங்க. ஜூன் மாசம் மறுபடி பரிச்சை எழுதினான். லீவு பூராவும் அவன் ஊட்ட உட்டு வெளியில வரல. அவங்கப்பா வேற அடிச்சுப்போட்டாரு." தேங்காயைப் பாரையில் ஒரு குத்து குத்தினார். "அது உள்ளுக்குள்ளயே கெடந்துச்சு. உங்களைத் தெருவுல பாத்தா சிரிப்பேன், பேசுவேன், ஆனா கெடக்கும். பூச்சி வந்ததும் ஒரு சாக்குக் கெடைச்சுது."

அந்தப் பையனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசி பெஞ்ச், ஜன்னலோரம், நல்ல சிரிப்பு. முப்பத்தி நாலு மட்டும் நினைவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ முப்பத்தி நாலுகள் போட்டிருக்கிறேன். ஒரு மார்க்கை ஏற்றிப் போடாததில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. கறாரான டீச்சர் என்று பெயர். அந்த ஒரு மார்க் இந்த வீட்டுக்குள் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? உரித்துப்போட்டிருந்த மட்டை ஒன்றைக் கையில் எடுத்து நார் நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னையே பார்த்தார். திடீரென்று அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"ஏனுங்க டீச்சர், நெசமாலுமே பேப்பரத் தலைகீழாவா புடிச்சீங்க?"

"ஆமாங்க."

"கணக்கு டீச்சரு!"

"ஆமாங்க அக்கா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பாரையை விட்டு நகர்ந்து வந்து, இடுப்பிலிருந்த போனை எடுத்தார். "சுவத்த எடுத்துக்கங்க. லேத்த எப்புடி வேணாலும் கொண்டு போங்க. ஆனா ஒண்ணு, நீங்க செஞ்சத நீங்களே அவங்கிட்டச் சொல்லோணும்."

மறுக்கிற நிலைமையில் நான் இல்லை. பையன் கருமத்தம்பட்டியில் பேக்கரி வைத்திருக்கிறான். போனில் பின்னணியில் தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், வணக்கங்க! நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறேன் கண்ணு. உங்கிட்ட ஒரு விசயம் சொல்லோணும்." சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். 

"டீச்சர், ஒரு டவுட்டுங்க" என்றான். "ஆன்சர் தப்பாப் போச்சு, சரி. ஸ்டெப்பெல்லாம் கரெக்டாப் போட்டிருந்தீங்களா?"

"ஸ்டெப்பெல்லாம் கரெக்டு கண்ணு. மூலைவிட்டம்கூட சரியா இருந்துச்சு."

"அப்பன்னா ஸ்டெப் மார்க்கு குடுத்தர்லாங்க. பாஸ் போட்டாச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் உரித்துவைத்திருந்த தேங்காய் இரண்டு உருண்டு ஓடின. நானும் சிரித்தேன்.  "அன்னைக்கு நானும் பாத்துப் போட்டிருக்கலாம் கண்ணு" என்றேன். "அதுக்கென்னுங்க டீச்சர்" என்றான் அவன், "பஃப்ஸ் குடுத்தனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டான்.

ஷெட் எழும்பியது. மூன்று நாள் என்றது பத்தொன்பது நாள் ஆனது. தினமும் நான் கேட்பேன். தினமும் பாய், "மூணு நாள் வேலைதானுங்க டீச்சரம்மா" என்பார். எந்த மூன்று நாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. தூண்கள் நின்றன. குறுக்குச் சட்டங்கள் ஏறின. நீல நிற ஷீட்டுகளை மேலே கொண்டுபோய்த் திருகாணி முடுக்கும்போது கிர்ர் கிர்ர் என்று தெரு முழுக்கக் கேட்டது. தரைக்குக் கான்கிரீட் போட்டு அது காய்ந்தபிறகு, லேத் ஊர்வலம் புறப்பட்டது.

கார் ஷெட்டிலிருந்து கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றி, தெருவைச் சுற்றி, அக்கா வீட்டு கேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய்களைக் கீழே உருளையாகப் போட்டு, ஆறு பேர் கடப்பாரையால் நெம்பி நெம்பித் தள்ள வேண்டும். பலகைகளை உருவி எடுத்த இடத்தில் முதல்முறையாக அக்கா வீட்டுத் துணிக்கொடி என் சமையலறைக் கதவிலிருந்து தெரிந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"அக்கட்டால தள்ளுங்க! ஏனுங்க பாய், அந்தக் கருவேப்பலச் செடி மேல ஏத்தீராதீங்க. சித்த இப்புடி, சித்த இப்புடி!"

பாய் இத்தனை வருடம் தொழில் செய்தும் இப்படி ஒரு சூப்பர்வைசரைப் பார்த்ததில்லை என்று அவர் முகம் சொன்னது. ஆனால் அக்கா சொன்ன பக்கம்தான் தள்ளினார்.

சுவர் இருந்த இடத்துக்கு வந்தபோது ஒரு குழாய் மண்ணில் புதைந்துவிட்டது. பாதி லேத் அக்கா வீட்டில், பாதி எங்கள் வீட்டில். எல்லோருக்கும் பசி. அக்கா உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சாதத்தை எடுத்துவந்தார். எப்போது செய்தார் என்றே தெரியவில்லை. நான் தயிரும் அப்பளமும் கொண்டுவந்தேன். லேத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாயும் ஆட்களும் நாங்களும் சாப்பிட்டோம். நெய் கிண்ணத்தை லேத்தின் மேலேயே வைத்தார் அக்கா. என் கணவர் அதைப் பார்த்தார். லேத்தின் மேல் வேறு யாராவது டம்ளரை வைத்தாலே சத்தம் போடுகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் லேத் ஷட்டருக்குள் போய் நின்றது. மின் இணைப்பை அவரே கொடுத்தார். எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாமே என்றதற்கு, "முப்பத்தஞ்சு வருசம் என்ன பண்ணுனேன்னு நெனைக்கற?" என்றார். ஊதுபத்தி கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா கற்பூரம் காட்ட, சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. லேத் அழகாகச் சுற்றியது. பின்பக்கமாக.

மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றிக் கொடுத்திருந்தார். வேறொன்றுமில்லை, இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்று எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.  ஷெட்டின் தூண் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்; அவ்வளவுதான்.

முதல் வேலை அக்காவின் தேங்காய்ப் பாரைதான். அது நிற்கும் இரும்புக் குழாய் தேய்ந்து ஆடிக்கொண்டே இருந்தது. அதைக் கடைந்து புதிதாகப் பொருத்திக் கொடுத்தார். ஆளுக்கொரு சாமான் வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். கிரைண்டரின் அச்சு, சைக்கிள் ஆக்ஸில், பேக்கரியிலிருந்து மாவு பிசையும் மெஷினின் ஒரு பல்சக்கரம். பலகைகளைத் திரும்பச் செருகப் பாயின் ஆட்கள் வந்தபோது அக்கா, "அது பாட்டுக்கு இருக்கட்டும், ஷட்டரத் தொறந்தா காத்து வரோணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்.

கூரை எங்கள் வீட்டுப் பக்கமாகச் சரிந்திருப்பதால் மழைத்தண்ணீர் முழுக்க என் சமையலறை வாசலில் கொட்டும் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஐப்பசியில் முதல் பெருமழை பிடித்தபோது நாங்கள் மூன்று பேரும் ஷெட்டுக்குள் இருந்தோம். தகரத்தின்மேல் மழை விழும் சத்தம் இருக்கிறதே, ஆயிரம் பேர் ஜல்லியை அள்ளிக் கொட்டினால் அப்படி இருக்கும். அக்கா அப்போதுதான் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் அவர் கையை ஆட்டி, கண்ணை விரித்து, மிகவும் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையாட்டினேன். என் கணவரும் தலையாட்டினார். ஓரிடத்தில் அக்கா கேள்வி கேட்பதுபோல் எங்களைப் பார்த்தார். இரண்டு பேரும் பலமாகத் தலையாட்டினோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மழை கொஞ்சம் விட்டதும் எழுந்து, "அப்ப புதன்கெழம, காத்தால ஆறு மணிக்குக் கெளம்பீரலாம். கார உங்களோடதையே எடுத்துக்கலாம்னு சொல்லீட்டீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர் இடைவெளி வழியாக ஓடிப்போனார்.

"எங்க?" என்றார் என் கணவர் என்னிடம்.

"உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சேன்" என்றேன்.

மறுநாள் அக்காவிடம் மெதுவாக நைசாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பையனுக்கு ஈரோட்டில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. பெண் பார்க்கப் போகிறார்கள். அவன் அப்பா இல்லாத குறைக்கு என் கணவர் முன்னால் நின்று பேச வேண்டும். பையனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள் என்று நானும் கூட வர வேண்டும். இத்தனைக்கும் தலையாட்டியிருக்கிறோம்.

புதன்கிழமை ஆறு மணிக்குப் போனோம். காரை ஓட்டியது மாப்பிள்ளை. அம்மாவை முன் சீட்டில் வைத்துக்கொண்டான். பின் சீட்டில் நானும் என் கணவரும், நடுவில் இரண்டு பெட்டி பஃப்ஸும். பெண் வீட்டில் என் கணவர் ஜாதகம், தோப்பு, தொழில் எல்லாவற்றையும் ஒரு டிராயிங்கை விளக்குவதுபோல் வரிசையாக விளக்கினார். பெண் எம்.எஸ்சி. படித்திருந்தது, கணக்கு. கேட்டதும் அக்கா என் தொடையில் கிள்ளினார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். பந்தல் எங்கள் இரண்டு புழக்கடையையும் சேர்த்துத்தான் போடப்போகிறார்கள். சமையல் ஷெட்டுக்குள் என்று அக்கா சொல்லிவிட்டார். லேத்தை அந்த மூன்று நாளைக்கு எப்படி மூடிவைப்பது என்று என் கணவர் இப்போதிருந்தே தார்ப்பாய் அளந்துகொண்டிருக்கிறார்.